பெருவிரல்

செவ்வாய்க்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல்,
சமன்மலி மிஸ் ஒரேயொரு பேனாவில்
ஏதோ பொடி தடவியிருக்கிறார்.
துண்டு எழுதும் ஜெஸ்டினுடைய பேனா.
நூலில் கட்டி மேசையில் தொங்குமே, அது.

மஸ்கெலியாவில் மழை. வெளிநோயாளர் பிரிவில்
எண்பத்து நான்கு பேர்.
அட்டை கடித்த கணுக்கால்,
கவ்வாத்துக் கத்தி பட்ட முழங்கை,
இருமல், இருமல், மூக்கடைத்த ஒரு கைக்குழந்தை,
பிரஷர் பார்க்க வந்து
பேசிவிட்டுப் போன பேச்சியம்மா.
நான் கட்டவிழ்த்தேன், கட்டினேன்,
கையுறை மாற்றினேன்,
மாற்றினேன் என்றுதான் நினைத்தேன்,
நடுவில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஜன்னலுக்கெல்லாம் கம்பளி போட்டு
விளக்கை அணைத்தார்.
நீல டோர்ச் ஒன்றோடு நடந்தார்.

முதலில் பேனா எரிந்தது.
பிறகு கதவுக் கொண்டி.
குழாயின் தலை.
பிரஷர் பட்டி, பஞ்சு டப்பாவின் மூடி,
எடைத் தட்டில் குழந்தை கிடந்த இடம்.
மிட்டாய்ப் பச்சையில் ஒரு அட்டை
சத்தமில்லாமல் எங்கள் எல்லோர் மேலும்
ஏறி இறங்கியிருந்தது.
தயானி சிரித்தாள்,
டோர்ச் அவள் கன்னத்துக்கு வரும்வரை.

என் கைகளை நீட்டச் சொன்னார்.
உள்ளங்கை சுத்தம். விரலிடுக்கு சுத்தம்.
நான் கொஞ்சம் நிமிர்ந்தேன்.
பெருவிரல் இரண்டும்
மின்மினி மாதிரி.
"பெரிய ஆள விட்டுட்டீங்க, நங்கி"
என்றார், தன் சிங்களத் தமிழில்.

பெரிய ஆள்தான்.
சம்பளப் புத்தகத்தில் அம்மா
ஊதா மையில் அழுத்தியது இதைத்தான்.
நான் கையெழுத்துப் போடப் பழகிய நாளில்
எங்கள் வீட்டில் இதற்கு வேலை போனது.
அதனால்தானோ என்னவோ,
கழுவும்போதும் ஞாபகத்தில் இல்லை.
சாக்குத்தான். மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாம் நம்பர்த் துண்டு
பேச்சியம்மா. கொழுந்துக் கறை ஏறிக்
கறுத்த விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு
"ஊத்தக் கை புள்ள, தொடாதீங்க" என்றார்.
நேற்று அந்தக் கைகளில் டோர்ச் பட்டிருந்தால்
என்ன தெரிந்திருக்கும்?
என்னுடையதுதான்.

"இருங்க" என்றேன்.
குழாயில் தண்ணீர் இல்லை.
மேலே பீலியில் இலை அடைத்திருக்கும்.
ஜெஸ்டின் வாளியில் மொண்டு ஊற்ற,
எலும்பைக் கடிக்கும் குளிரில்
இடது பெருவிரலைப் பிடித்துத் திருகினேன்,
பிறகு வலது.
பேச்சியம்மா பார்த்துக்கொண்டேயிருந்தார்,
யாருக்கு இவ்வளவும் என்பதுபோல.