மிச்சமிருந்த இரண்டு மணி

வேக்ஃபீல்டில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில்
ஒரு மணிக்குப் பத்துத் துண்டு,
துண்டுக்கு ஆறு நிமிடம்.
கட்சிக்காரர் போனில் தும்மினால்கூட ஒரு துண்டு எழுதலாம்.

அந்தக் கணக்கு முழுக்க லோரெய்ன் ஓல்ட்ராய்டின் கையில்.
'செலவிட்ட நேரம்' என்ற பத்தியை
இருபத்தாறு வருடமாக நிரப்பி வருகிறாள்.
டீ குடிக்கும்போது கடிகாரத்தை நிறுத்திவிடுவாள்,
நேர்மையானவள்.

இந்த ஊர்க்காரர்கள் நேரத்தைப் பற்றிப் பேசினால்
சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி இருக்கும்.
செலவழிக்கிறார்கள், மிச்சம் பிடிக்கிறார்கள்,
ஒரு நிமிடம் இருக்கா என்று
பீடிக்கு நெருப்புக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள்.
பஸ் வராவிட்டால் அதைக் கொன்றுவிடுகிறார்கள்.
லவ் லேன் சிறையில் எங்கள் கட்சிக்காரன் க்ரேக்
ஏழு வருடமாக நேரம் 'செய்து'கொண்டிருக்கிறான்,
ஏதோ நாற்காலி செய்வதுபோல.
இன்னும் ஒரு கால்கூடப் பொருத்தவில்லை என்பாள் லோரெய்ன்.

எனக்குப் பொழுது தானாகப் போகும்.
போகாவிட்டால்
போகவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன்.

மார்ச்சில் ஒரு வியாழன்.
மருத்துவமனையிலிருந்து போன்.
அவள் கார் ஒர்க்‌ஷாப்பில்; என் காரில் போனோம்.

நிறுத்துமிடத்து இயந்திரம் சில்லறை திருப்பித் தராது.
பர்ஸைத் திறந்துகொண்டு கேட்டாள்:
"எவ்வளவு நேரம் வாங்கட்டும்?"
அந்த வாக்கியம் அன்றைக்கு மட்டும்
எனக்கு விசித்திரமாகப் படவில்லை.
இருப்பதையெல்லாம் போடு என்று சொல்ல நினைத்தேன்.
எட்டுப் பவுண்டுக்கு நான்கு மணி நேரம்.
சீட்டில் அச்சடித்திருந்தது: 18:42 வரை.

பேரி டூரிஸ்ட் பஸ் ஓட்டினவர்.
பிரிட்லிங்டன் கடற்கரையில்
நாற்பது கிழவிகளை இறக்கி, மறுபடி ஏற்றி,
கடைசிக் கிழவி மணலைத் தட்டிக்கொண்டு வரும்வரை
கதவைத் திறந்தே வைத்திருப்பாராம்.
"அவசரமில்லை கண்ணு, உன் நேரத்தை எடுத்துக்கோ."

நான்கு அடித்து ஐந்து நிமிடத்துக்கு
நர்ஸ் திரையை மெல்ல இழுத்துவிட்டு
அதே சொற்களைச் சொன்னாள்:
"உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்."

லோரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள்.
எடுத்து எங்கே வைப்பது என்று
கேட்கப்போகிறாள் என நினைத்தேன்.
"சரி" என்றாள்.
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள்.

வராந்தாவுக்கு வந்து
அலுவலகத்துக்குச் சொல்ல போனை எடுத்தால்
இந்த ஊர்ச் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை.
நாக்கில் வந்து நின்றது நம் சொல்:
பேரி காலமாகிவிட்டார்.
காலம்
ஆகிவிட்டார்.
ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், மூன்றாம் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அவளிடம் சொல்லவில்லை.
எப்படிச் சொல்ல?
இத்தனை வருடம்
ஆறாறு நிமிடமாக நறுக்கி எழுதினாயே,
அதுவாகவே ஆகிவிட்டார் என்றா?

நான்கு நாற்பதுக்கு வெளியே வந்தோம். தூறல்.
இயந்திரத்தின் முன்னால் ஒரு பையன்,
இடதுகையில் சமையல் துண்டைச் சுற்றியிருந்தான்.
துண்டில் அச்சடித்திருந்த கலங்கரை விளக்கம்
பாதிக்குமேல் சிவப்பு.
வலதுகையால் கார்டைத் தேய்த்துத் தேய்த்து
அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தான்.

லோரெய்ன் என் காரின் கண்ணாடியிலிருந்து
சீட்டை உரித்தெடுத்தாள்.
"இதில் இன்னும் இரண்டு மணி மிச்சம் இருக்கு கண்ணு.
எனக்கு வேண்டாம்."

அவன் வாங்கிக்கொண்டு
"சியர்ஸ்" என்றான்.
வேறொன்றும் கேட்கவில்லை, ஓடினான்.
காரில் ஏறி பெல்ட்டைப் போட்ட பிறகுதான்
லோரெய்ன் அழுதாள்.
எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தவள்
விட்டுப்போன தாள்களையெல்லாம் நிரப்பினாள்.
அந்த வியாழனுக்கு நேரே நாற்பது துண்டு.
கட்சிக்காரர் பெயர் தராமல் திரை விடாது.
முதல் இருபதுக்கு: ஓல்ட்ராய்ட், பேரி.
அடுத்த இருபதுக்கு:
சமையல் துண்டுப் பையன்.

முதலாளி படித்துப் பார்த்தார்.
பில் அனுப்பச் சொல்லவில்லை.