தலைக்கு முப்பது காசு

மாதத்தில் முதல் ஞாயிறு
பீடோர் கடைத்தெருவில் கதவை இழுத்துச் சாத்திவிட்டு
ஆறாம் கட்டை விடுதிக்குச் சைக்கிள் மிதிப்பேன்.
இரண்டு கத்தரி, ஒரு மெஷின், பவுடர் டப்பா.
தலைக்கு முப்பது காசு. வார்டன் ஹருன் கையெழுத்துப் போடுவார்.

மலையிலிருந்து ஜீப்பில் இறக்கிய பிள்ளைகள்
விசில் ஊதினால் எழுவார்கள், ஊதினால் உட்காருவார்கள்.
தோட்டத்துப் பிரட்டு ஞாபகம் வரும்.
ஆனாலும் எனக்குப் பொறாமைதான்.
இரும்புக் கட்டில், மூன்று வேளைச் சோறு.
என் மகன் தோட்டத்துப் பள்ளியில்
தகரம் ஒழுகாத இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து
வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தான்.

சக்காய் என்றுதான் நாங்களும் சொன்னோம்,
கிளிங் என்றவனோடு சண்டைக்குப் போன அதே வாயால்.

புதிதாக வந்த தலைகளில் புகை மணக்கும்.
சீப்பில் ஒரு விதை சிக்கும், காய்ந்த தழை ஒன்று.
மூன்றாம் மாதம் எல்லாத் தலைக்கும் ஒரே சோப்பு.
சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை வந்தாலும்
கொடிக்கம்பத்தடியில் வெயில் காயவேண்டும்.
அதனால் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கும்.

இருபத்தேழாம் நம்பருக்கு உச்சியில் இரட்டைச் சுழி.
'உனக்கு இரண்டு கல்யாணம்டா'
என்று சொல்லிச் சிரிக்க
அவனுக்குப் புரிகிற பாஷை என்னிடம் இல்லை.

ஒரு ஞாயிறு, மூன்று மணிக்கே வானம் கறுத்தது.
முதல் இடி விழுந்ததும்
பெஞ்சிலிருந்து குதித்து
நான் பெருக்கி ஒதுக்கிய முடியைக் கைநிறைய அள்ளினார்கள்.
இருபத்தேழு என்னிடம் கை நீட்டினான்:
ஆப்பி.
தீப்பெட்டியைக் கொடுத்தேன்.
பீடிக்கு நெருப்புக் கேட்டால் நீளுகிற கை, யோசிக்கவில்லை.

வராந்தா ஓரத்தில் முடி கருகியது.
இடியைப் பார்த்து என்னவோ சொன்னார்கள்,
கெஞ்சலோ மன்னிப்போ,
எல்லோரும் சேர்ந்து, அவர்கள் பாஷையில், உரக்க.
மழை நின்றதா என்று கேட்காதீர்கள்.
வார்டன் வந்தார்.

நெருப்பு யார் கொடுத்தது?
நாற்பத்துமூன்று தலை,
பன்னிரண்டு வெள்ளி தொண்ணூறு காசு,
இன்னும் கைக்கு வரவில்லை.
அம்பில் என்றேன், அவனாக எடுத்தான் என்று.
சூரி, என்று திருத்தினார் வார்டன்.
தலையாட்டினேன்.

பிரம்பு விழுந்தபோது
பையன் வார்டனைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் நாற்பத்திரண்டு தலை.
பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு.
எண்ணிக் கொடுத்தார்,
எண்ணி வாங்கினேன்.

பிறகு ஒரு செவ்வாய். கடையில் ஈ எறும்பு இல்லை.
முதுகுக் கூடையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.
அரைகுறை மலாயில் சொன்னாள்:
நாலு நாள் நடந்தே வந்து சேர்ந்துவிட்டான்,
காய்ச்சல்தான் விடவில்லை.
அவன் முடியைக் கொடு.

யார் முடி?
பா அஞ்சாங், என்றாள்.
சுழி, என்று தன் உச்சியைத் தொட்டு இரண்டு விரல் காட்டினாள்.

என்ன சொல்வேன்.
வெட்டிய முடியைச் சாக்கில் கட்டி
ஆ சோயின் மிளகாய்த் தோட்டத்துக்கு விற்றுவிடுவேன்,
உரத்துக்கு நல்லது, சாக்கு ஒரு வெள்ளி.

கூட்டிக்கொண்டு போனேன்.
ஆற்றோரம் பாத்தி பாத்தியாகக் காய்த்துக் கிடந்தது.
அத்தனை பிள்ளைகள் முடியும்
பேங்க் கிராணியின் நரையும்
என் மகனுடையதும்
அந்த மண்ணுக்குள்தான்.

குந்தி உட்கார்ந்து ஒரு செடியடியைக் கிளறினாள்.
ஈரத்தோடு கொத்தாக வந்தது.
முகர்ந்தாள்.
கீழே வைத்து மண்ணை மூடினாள்.
அடுத்த செடி.
முகர்ந்தாள்.

ஆ சோய் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்தான்,
வேர் அறுந்த செடிகளை எண்ணினான், பதினொன்று.
என்ன விலை என்றேன்.
செடிக்கு முப்பது காசு என்றான்.
மூன்று வெள்ளி முப்பது,
அவன் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பன்னிரண்டாவது செடிக்குப் போயிருந்தாள்.