துணைக்கால்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே,
பல் வைத்தியருக்கும் கைபேசிக் கடைக்கும் மேலே
நொத்தாரிசு மர்சூக் நோனாவின் அறை.
எங்கள் பக்கம் இதற்கு அற்றோணித் தத்துவம் என்று பேர்.
தத்துவம் என்றதும் ஏதோ சாமியார் பேச்சு என்று நினைத்திருந்தேன்.
கூடலூரில் பவர் என்கிறார்கள்.
"அக்கா, ஒரு பவர் மட்டும் போட்டு அனுப்புங்க."
குரல்பதிவு அனுப்பியவள் சித்ரகலா,
என் அப்பாவின் மகள்.
நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை.
குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது, என்னுடையது போலவே.

நாலு சென்ட். ஓட்டு வீடு. ஒரு கிணற்றில் பாதி.
போனவர் உயில் எழுதவில்லை,
அவள் அம்மாவும் இல்லை.
கேட்காமலே ஒரு பங்கு என் பேரில் விழுந்துவிட்டது.

நான் பிள்ளை மடுவத்து ஆயா.
லயத்துக் காம்பிரா கம்பனியுடையது.
பின்னால் நான் போட்ட போஞ்சிப் பந்தல்
கம்பனி மண்ணில் நிற்கிறது.
செத்தால் குழி வெட்டவும்
துரையிடம் ஒரு சொல் கேட்க வேண்டும்.
நோனா சொல்லச் சொல்ல டென்சில் தட்டுகிறான்:
"மேற்படி சொத்தின் பங்குரிமையாளரான
கனகவள்ளி ஆகிய நான்"
நிறுத்தச் சொன்னேன்.
அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கக் கேட்டேன்.
வாசித்தான்.
அடுத்த வரியில் நான் அதைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

பிறகு பேர்ப் பிரச்சினை.
என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அப்பா வீராசாமி.
அங்கே மரணச் சான்றிதழில் வீரசாமி.
"இங்க ஒரு கால் கூடுதலா இருக்கே" என்றான் டென்சில்.
சிரித்துவிட்டேன்.
அந்தக் காலில்தானே
அம்மாவையும் எட்டு மாதக் கைப்பிள்ளையையும் விட்டு
தலைமன்னாரில் கப்பலேறினார்.
அக்கரையில் இறங்கியதும் அதைக் கழற்றி வைத்துவிட்டார் போல;
பிறகு எங்கும் போகவில்லை.

அதற்கொரு சத்தியக் கடதாசி.
வீராசாமி என்பவரும் வீரசாமி என்பவரும்
ஒரே ஆள் என உறுதியாக அறிவேன்.
"அறிவீங்களா?" என்றார் நோனா.
சட்டப்படி கேட்க வேண்டுமாம்.

வீட்டில் இருந்த கடைசிப் பத்து ரூபாயை
எடுத்துக்கொண்டு போனவர் என்றாள் அம்மா.
எனக்குக் காது குத்தின அன்று
அப்பாதான் கூட அழுதது என்றாள் சித்ரகலா.
மேசையில் நோனாவின் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.
ஒரே ஆள்தான், என்றேன்.
முத்திரை ஒட்டினார்கள்.

கண்டியில், தூதரகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு பையன் தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"கையெழுத்தை எங்க முன்னாடி போடணும்மா,
முன்னாடியே போட்டுட்டீங்களே."
மறுபடி தட்டச்சு, மறுபடி பஸ்,
இரண்டு நாள் சம்பளம் வெட்டு.
சாட்சிக்கு வந்த புஸ்பராணிக்கும் அவள் புருஷனுக்கும்
பகல் சோறு, பிளேன்டீ, வெற்றிலை என் கணக்கு.
அவர் மட்டும் இரண்டு தரம் குழம்பு கேட்டார்.

இரண்டாம் முறை பேனாவை நீட்டினான் பையன்.
"பவர் வாங்குறவங்க உங்களுக்கு என்ன முறை?
அந்தக் கட்டம் காலியா இருக்கு."
அப்பாவின் இரண்டாம் தாரத்து மகள் என்று எழுத இடம் போதாது.
சின்னக் கட்டம்.
மூன்று எழுத்துத்தான் கொள்ளும்.
தங்கை, என்று எழுதினேன்.
எழுதி முடித்த பிறகும் பேனாவைக் கொடுக்க மறந்து நின்றேன்.

நாவலப்பிட்டியில் மழை பிடித்தது.
உறையை றப்பர் படங்கில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
இதற்குள் எல்லைகள் மனப்பாடம்:
வடக்கே குஞ்ஞாலியின் கமுகு,
கிழக்கே வாய்க்கால்,
தெற்கே நடைபாதை.
மேற்கு எல்லை மட்டும் அவள் அனுப்பிய படத்தில் கறுத்துக் கிடந்தது.
சர்வே எண் இருக்கிறதே, போதும், என்றிருந்தார் நோனா.

கைபேசியை வாயருகில் பிடித்துச் சொன்னேன்:
"பவர் வந்து சேரும். வித்துக்க.
ஆனா மேற்குப் பக்கம் என்ன இருக்குன்னு
விக்கிறதுக்கு முன்ன ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பு."

ஒரு சரி அடையாளம் விழுந்தது.
இரண்டாவது விழவில்லை.
கினிகத்தேனை ஏற்றத்தில் சிக்னல் கிடையாது.