பத்துக் கிலோ

நாற்பது டாலருக்கு வந்த பழைய மூன்று தாடைச் சக்
மோராக்கின் லேத்தில் ஏற மாட்டேன் என்றது.
அதன் மரை வேறு.

டனீடினில் விடாத மழை. கராஜ் மூலையில்
ரோரி விட்டுப்போன பளுத்தட்டுகள்;
ஒரே ஒரு ஜனவரி தூக்கினான்.
நல்ல வார்ப்பிரும்பு.

ஒன்றை முகத்தட்டில் பூட்டி
'10' என்ற எண்ணைத்தான் முதலில் சீவினாள்.
மூக்குக்குள் கறுப்புத் தூள்.
நடுவில் துளை, துளைக்குள் மரை,
கதிரில் ஏற்றி
விளிம்பில் சக் உட்கார ஒரு படி.

உட்கார்ந்தது.
டயல் முள் மட்டும் மயிரிழை ஆடியது.
இரண்டாம் தாடைக்கடியில்
பியர் டப்பாவில் வெட்டிய துணுக்கு.
முள் அடங்கியது.

ஞாயிறு ரோரி வேனோடு வந்தான்.
எண்ணினான். திரும்ப எண்ணினான்.
"ஒன்று குறைகிறதே?"

"சுற்றிக்கொண்டிருக்கிறது" என்றாள்,
சுவிட்சைத் தட்டி.