காருக்கு மஞ்சள் அட்டை

முதலில் மகளின் உள்ளங்கையில்
மூன்று சிவப்புப் புள்ளிகள்.
பேனா மை என்று நினைத்து
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
போகவில்லை.

கை கால் வாய் நோய் என்றார் டாக்டர்,
மூன்று சிநேகிதர்களை அறிமுகப்படுத்துவதுபோல.
பத்து நாள் பாலர்பள்ளிக்கு லீவு.
பெரியவர்களுக்கு அநேகமாய் வராது,
வந்தாலும் லேசாகத்தான் வரும்.

லேசாக வந்தது.
நாக்கில் நான்கு, அண்ணத்தில் ஒன்று,
வலது உள்ளங்காலில், சரியாக
பிரேக் மிதிக்கும் இடத்தில், இரண்டு.
ஆறிப்போன கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சினேன்.
மகளோ மூன்றாம் நாளே எதிரில் உட்கார்ந்து
முறுக்கு கடித்தாள், சத்தமாக.

வெள்ளி இரவு மகனின் நெற்றியும் சுட்டது.
முப்பத்தேழு புள்ளி எட்டு.
இன்னொரு தடவை வைத்துப் பாருங்கப்பா என்றான்.
வைத்தேன்.
எட்டு ஒன்பதானது.
இந்த வருடம் முழுக்க அவனை பெஞ்சில் உட்காரவைத்தவன் நான்;
கோச் மகன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று.
நாளை அரையிறுதியில் முதல் நிமிடத்திலிருந்து இறக்குவதாக
செவ்வாய்க்கிழமைதான் சொல்லியிருந்தேன்.

புனிதாவுக்குச் சனிக்கிழமை ஷிப்டு.
மூணு பேரும் வீட்டிலேயே கிடங்க
என்று சொல்லிவிட்டு எல்.ஆர்.டி. பிடித்துப் போனாள்.
கிடந்தோம், ஒன்பதரை வரைக்கும்.

செந்தூல் திடலின் கம்பிவேலி ஓரம்
மைவியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றினேன்.
இறங்கமாட்டோம், யாரையும் தொடமாட்டோம்,
பார்ப்பது ஒன்றும் தொற்றாதே.
அங்கே என் விசிலை மாட்டிக்கொண்டு
கோல்கீப்பரின் அப்பா மிஸ்டர் லியோங்.
(என் விசில் அல்ல. புதிது வாங்கினார். நல்லவர்.)
ஆறு மாதமாகத் தண்ணீர்ப் பெட்டி தூக்குகிறார்,
பேட்மிண்டன் மட்டும் தெரியும்.

தர்வின் மறுபடி நடுவில் மேய்கிறான்.
கத்த வாயைத் திறந்தால்
நாக்கு நெருப்பில் பட்டதுபோல் மடங்குகிறது.
ஹார்னை அழுத்தினேன்.
ஒன்று என்றால் பின்வாங்கு,
இரண்டு என்றால் ஏறிப் போ.
இந்தச் சட்டம் எனக்கு மட்டும் தெரியும்.
இரண்டு அழுத்தினேன்;
அய்மான் நின்று, யார் வீட்டுக் கார் என்று பார்த்தான்.
அந்த நேரத்தில் ஒரு கோல்.
எங்களுக்கு எதிராக.

பின்சீட்டில் மகன்
பூட்ஸும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டிருந்தான்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
பந்து இடப்பக்கம் வரும்போதெல்லாம்
என் சீட்டின் முதுகில் ஓர் உதை விழுந்தது.
அது அவன் இடம்.

நடுவர் வந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது.
ஆறடி தள்ளி நின்று
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து
காருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.
ஆடிய காலத்தில்கூட நான் அட்டை வாங்கியவன் இல்லை.
மகள் கைதட்டினாள்.

இரண்டுக்குப் பூஜ்யம்.

பையன்களுக்கென்று விடியற்காலை அறுத்த ஆரஞ்சு
டப்பாவோடு மடியில் இருந்தது.
நான் அறுத்ததை எப்படிக் கொடுப்பது?
வீணாவானேன் என்று ஒரு சுளையை
யோசிக்காமல் வாயில் போட்டேன்.
ஐந்து புண்ணிலும் புளிப்பு ஏறி
கண்ணிலிருந்து கொட்டியது கொட்டியபடி.
அப்போது பார்த்து வேலிக்கு அந்தப்பக்கம்
பதினோரு பேரும், சேற்றோடு.

கோச் அழுவுறாரு, என்றான் தர்வின்.
லியோங் தொப்பியைக் கழற்றினார்.
அழாதீங்க கோச், அடுத்த வருசம் பாக்கலாம்.
அடுத்த வருடம் அவர்களுக்குப் பதின்மூன்று ஆகிவிடும்,
எல்லோருக்கும், என் மகனுக்கும்.
ஆரஞ்சு என்று சொல்ல முயன்றேன்.
வாய் வரவில்லை.
டப்பாவைத் தூக்கிக் காட்டினேன், தலையாட்டினார்கள்,
ஏதோ புரிந்ததுபோல.

சிக்னலில் கண்ணாடி வழியே பார்த்தேன்.
மகன் ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தான்.
மற்றதன் முடிச்சைப் பிடித்தபடி தூங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போக
புனிதா காரை எடுத்தாள்.
பத்து நிமிடத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.
இந்த ஹார்ன் ஏன் இப்படி இருமுது?
நான் வாயைத் திறந்து
நாக்கைக் காட்டினேன்.