கண் கீறுதல்

பாலம்பிட்டிக்கு வடக்கே, வீரை மரங்களுக்குள்,
நாளுக்கு எட்டுச் சதுர மீற்றர் என்று
முழங்காலில் நகர்ந்து
பதினேழாம் நாள் அந்தக் கல்லடிக்கு வந்தேன்.
கருவி கத்தியது.
விரலாழம் கிளறினால் மீன்ரின் மூடி.
ரின்னுக்குள் காய்ந்த மஞ்சள்.
பக்கத்து ரின்னில் செங்கல் தூள், இன்னொன்றில் கரி.
வெடிபொருள் இல்லை என்று தாளில் எழுதி
நிமிர்ந்தபோது
பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வௌவால் எச்சத்துக்கு மேலே, முழையின் வளைவில்,
சுண்ணாம்பு பூசி ஈரம் காயமுன் கீறிய முகங்கள்.
நீண்ட மூக்கு. சின்ன வாய்.
தலைக்குப் பின்னால் தேயிலைப் பெட்டித் தாளில் வட்டங்கள்,
வெள்ளியை யாரோ மஞ்சள் தேய்த்துப் பொன்னாக்கியிருந்தார்கள்.
நடுவில் தாய். மடியில் பிள்ளை;
பிள்ளைக்குக் கிழவனின் நெற்றி.
மேலே எழுத்து. தமிழில்லை, சிங்களமில்லை, இங்கிலீசுமில்லை.
எங்கள் வேலையில் புரியாத எழுத்தென்றால்
எந்த நாட்டு மிதிவெடி என்றுதான் யோசிப்போம்.
ஓரடி பின்வாங்கினேன்,
அதுவும் அளந்த பாதையில்.

கஸ்பார் கீறியது என்று பிறகு சொன்னார்கள்.
லொறிகளின் பின்பலகையில்
தாமரையும் அன்னமும் கீறித் திரிந்தவன்.
சண்டை மடுவைத் தாண்டிய மாதம்
நாற்பது குடும்பம் ஒன்பது நாள் அந்தக் கல்லுக்குள் கிடந்ததாம்.
குருமடத்தை இடையில் விட்டு வந்த ஒரு பொடியன்
வேதப் புத்தகத்துக்குள் ஒரு தபாலட்டை வைத்திருந்தான்:
கப்பத்தோக்கியா. மலையைக் குடைந்த கோவில்.
ஆயிரம் வருசத்துக்கு முன் கிரேக்கர் தீட்டியது.
அட்டையில் அப்போஸ்தலர் ஒருவருக்கும் கண் இல்லை.
எப்போதோ, யாரோ, ஆணியால் கீறியிருந்தார்கள்.

கஸ்பாருக்கு அதுதான் கரைச்சல்.
சட்டை மடிப்பை, விரல்களை,
விளங்காத எழுத்தைக்கூடப் பார்த்து இறக்கிவிட்டான்.
கண்ணுக்கு மட்டும்
குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்து
உள்ளே குந்தியிருந்தவர்களைப் பார்த்தான்.

அங்கே ஒருவன் கீறியதும் கண்.
இங்கே இவன் கீறியதும் கண்.

பேதுருவுக்குச் சங்கக்கடை மனேச்சரின் மாறுகண்.
தோமையாருக்கு வலதில் பூ விழுந்திருந்தது.
யோவானுக்கு, ஒன்பது நாளும் நித்திரை கொள்ளாத
யாரோ ஒரு பெட்டையின் கண்.

நிலம் துப்புரவு என்று நாங்கள் ஒப்பமிட்ட கிழமையே
ரோச்சோடும் படங்களோடும் சனம் வந்தது.
அடையாள அட்டைப் படம், கலியாணப் படத்தில் வெட்டிய தலை.
மூக்குக்குக் கீழே உள்ளங்கையால் மறைத்து
சுவரோடு சேர்த்துப் பிடித்தார்கள்.
பர்த்தலமேயுவின் கண்ணுக்கு இரண்டு தாய்மார் சண்டை.
இமையில இருக்கிற தழும்பைப் பாருங்கோ என்றாள் மெற்றில்டா.
அது கல்லு வெடிச்ச கீறல் என்றாள் நாகபூசணி,
எந்தச் சாமியெண்டு எனக்குத் தெரியாது,
கண் என்ர பிள்ளையின்ர.
பங்குச் சுவாமி தலையைச் சொறிந்துவிட்டு
ஒருத்திக்குச் செவ்வாய், மற்றவளுக்கு வெள்ளி என்று
நாள் பிரித்துக் கொடுத்தார்.

தொல்பொருள்காரரும் வந்தார்கள்.
சுவரை நாடாவால் அளந்து, சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி,
இது பழசில்லை என்றார்கள்.
எத்தினை வருசம் காணாமல் போனால் பழசு, தம்பி?
நாகபூசணிதான் கேட்டாள்.
கேட்டவர்கள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

பிறகொரு நாள், குச்சிகளைப் பிடுங்கப் போனபோதுதான்
வெயில் சரிவாக உள்ளே விழுந்து,
ஓரத்தில் நின்ற கடைசி ஆளைச் சரியாகக் கண்டேன்.
புருவம் உண்டு. தாடி உண்டு.
பின்பலகை அன்னத்துக்குப் போடுகிற மாதிரி
கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு.
கண்ணிருக்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

காய்ந்துவிட்டதோ, வெளிக்கிடு என்றார்களோ.
முழைக்குள் கண்ணாடி இருந்ததா என்று மெற்றில்டாவைக் கேட்டேன்.
குடிக்கவே தண்ணியில்லை, கண்ணாடிக்கு எங்க போறது என்றாள்.
கஸ்பாரின் படம் எவரிடமும் இல்லை.

என் தாளில் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள் என்று இருக்கிறது.
மேலதிகாரி அந்த வரியை வெட்டச் சொன்னார்.
நான் பதினொன்று என்றும் திருத்தவில்லை.