பத்து மில்லி நொடி

கோட்கா துறைமுகத்தின் ஏழாம் எண் கிரேன்
இருபத்தெட்டு டன் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக்
கரைக்குக் கொண்டுவரும்போது
பெட்டி ஆடும்.
ஆட விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

நான் நிரல் எழுதுவதில்லை, வரைகிறேன்.
கூட்டலுக்கு வட்டம், பெருக்கலுக்கு முக்கோணம்,
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு.
என் மகள் ஐலி திரையை எட்டிப் பார்த்து
"இதில் ஸ்டேஷன் எங்கே?" என்றாள்.
ரயில் பாதை என்று நினைத்துவிட்டாள்.
அவ்வளவு தவறில்லை.

முதல் வாரம் மென்பொருள் அடம்பிடித்தது:
விடை தெரிந்தால்தான் விடை சொல்வேன்.
எங்கோ ஒரு அம்பு சுற்றிவந்து
தன் வாலையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.
நடுவே ஒரு சின்னப் பெட்டி வைத்தேன்.
போன முறை என்ன சொன்னாய் என்பதை
ஒரே ஒரு முறைக்கு நினைவில் வைத்திருக்கும்,
வேறெதுவும் தெரியாது அதற்கு.
வட்டம் ஓடத் தொடங்கியது.

ஆடும் கோணத்தை நேராக அளக்க வழியில்லை.
இருந்த கேமராவின் கண்ணைப் போன வருடப் பனி மூடியது,
புதிது வாங்க நிர்வாகத்துக்கு மனமில்லை.
மிஞ்சியவை மோட்டாரின் சுற்றை எண்ணும் சக்கரமும்
கம்பிவடத்தின் இழுவிசையும்
கொக்கியில் ஒட்டிய விரல் நக அளவு சென்சாரும்.
கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்,
தீர விசாரிக்க
எனக்குக் கிடைப்பது பத்து மில்லி நொடி.

இலக்கணத்தில் ஒரு மாத்திரை என்பது
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
அதற்குள் முப்பது முறை
என் பெட்டிகள் ஊகிக்கின்றன,
அளவு வந்ததும் பார்க்கின்றன,
கொஞ்சமும் வெட்கமில்லாமல் திருத்திக்கொள்கின்றன.
நான் ஒரு வாக்குவாதத்தில்
அப்படிச் செய்ததாக ஞாபகமில்லை.

ஜனவரியில் ஒரு இரவு, மைனஸ் இருபத்துநான்கு.
நாற்பது மீட்டர் உயரக் கூண்டிலிருந்து
ராக்கெல் வாக்கி டாக்கியில் சொன்னாள்:
"உன் படம் குடித்திருக்கிறது."
பெட்டி நூல் பிடித்த மாதிரி தொங்குகிறது.
என் ஊகமோ அது அரை டிகிரி சாய்ந்திருப்பதாக நம்பி
கிரேனை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது.
அவள் சுவிட்சைக் கைக்கு மாற்றி,
மேசையில் காப்பிக் கோப்பை வைப்பதுபோல்
பெட்டியை லாரிமேல் வைத்துவிட்டு
வேறெதுவும் பேசவில்லை.

பதிவுகளை விடியும்வரை புரட்டினேன்.
நக அளவு சென்சார்தான்.
குளிர் ஏற ஏற அதன் பொய்யும் ஏறியிருக்கிறது,
ஆனால் எப்போதும் ஒரே பக்கம்,
ஒருவித விசுவாசத்தோடு.
கழற்றி எறியலாம். எறியவில்லை.
பொய்யின் அளவையும் சேர்த்து ஊகி என்று
இன்னொரு வரிசை பெட்டிகள் வரைந்தேன்.
இனி அது எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும்
நமக்குத் தெரிந்த செய்திகளில் ஒன்று.

ஓட்டிப் பார்த்தால் பதினொன்று புள்ளி இரண்டு.
பத்தைத் தாண்டிவிட்டது.
இங்கே தாமதமாய் வரும் சரியான விடைக்குத்
தவறு என்று பெயர்.
எதைக் குறைப்பது?
ஒவ்வொரு பெட்டியாய்த் தட்டிப் பார்த்ததில்
மூன்று மில்லி நொடியைத் தின்றது
எந்தக் கணக்கும் அல்ல:
நான் பார்த்து மகிழ்வதற்காக
ஓரத்தில் வைத்திருந்த வண்ண வரைபடம்.
அந்த அம்பை வெட்டினேன்.
எட்டு புள்ளி ஒன்று.

மறுநாள் இரவு கிரேன் காலடியில் நிற்கிறேன்.
உள்ளே என்ன நடக்கிறதென்று
காட்ட இப்போது எதுவும் இல்லை.
மஞ்சள் விளக்கில் ஒரு பெட்டி கடலிலிருந்து வருகிறது,
நிற்கிறது, இறங்குகிறது.
கையுறைக்குள் விரல் மரத்துப்போக
வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்துகிறேன்.

"ம்" என்கிறாள் ராக்கெல்.

நாளை மைனஸ் முப்பதாம்.